மருதானை நடை தூரம்தான்



சாதாரண தர ரிசல்ட் வந்து இரண்டு கிழமை ஆகிறது. எங்கள் பக்கத்துச் சுவர்களில் பெனர் ஏறிவிட்டது. 9ஏ எடுத்த பிள்ளைகளின் படம், அதிபரின் படம், பெனருக்குக் காசு கொடுத்த ஹாஜியாரின் படம். அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் துஆ எப்போதும் உண்டு, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் இந்தப் பதிவு பெனரில் இல்லாத பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள்தான் கூட. எந்த வகுப்பிலும் அவர்கள்தான் கூட.

நாங்கள் புதுக்கடையிலும் வாழைத்தோட்டத்திலும் படிப்பிக்கிற சில ஆசிரியர்கள். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் பேச்சு பாடசாலைச் சண்டையாக மாறிவிடும், அது நமக்கு நன்றாக வரும் வேலை.

சென்ற வருடம் எங்களிடம் படித்த ஒரு பையன். ஐந்து பாடம் பாஸ், கணிதம் போய்விட்டது. வீட்டில் பழுதான மின்விசிறி, அயன், ரைஸ் குக்கர் எல்லாம் அவன்தான் திறந்து பார்ப்பான். வகுப்பறை டியூப் லைட் எரியாவிட்டால் அதிபர் ஆளைத் தேடுவதில்லை, அவனைத்தான் கூப்பிடுவார். "சேர், எனக்கு எலக்ட்ரிசியன் படிக்கோணும், எங்க போற?" என்று கேட்டான். எங்களுக்குத் தெரியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறோம். இருபது வருடம் படிப்பித்தவர்களுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, "டெக்குக்கு அப்ளை பண்ணு மகன்" என்று சொன்னபோது விண்ணப்ப முடிவுத் திகதிக்கு மூன்று நாள் இருந்தது. பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுக்க ஒரு நாள். கிராம சேவகர் சான்றிதழுக்குப் போனால், அவர்கள் இருப்பது வாடகை வீடு, வாக்காளர் இடாப்பில் பெயர் வேறு முகவரியில். "அங்க போய் எடுங்க" என்றார்கள். அங்கே போனால் அன்று அலுவலக நாள் இல்லை. அத்தோடு முடிந்தது.

இன்று அவன் பஞ்சிகாவத்தையில் ஒரு உதிரிப்பாகக் கடையில் லொறி இறக்குகிறான். காலையில் பாடசாலைக்கு வரும் வழியில் காண்கிறோம். சலாம் சொல்கிறான். அந்த சலாத்துக்குப் பதில் சொல்லும்போது எங்களால் அவன் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

அவனுக்கு என்ன நடந்ததென்று யோசித்தபோதுதான் புரிந்தது, இது ஒரு பையனின் கதை அல்ல, நாம் எல்லோரும் சேர்ந்து செய்கிற ஒரு வேலை என்று. வீடும், பள்ளிவாசலும், பாடசாலையும், கந்தோரும் சேர்ந்து செய்கிறோம்.

முதலில் வீட்டிலிருந்து தொடங்குவோம். "டெக்கா? அது படிக்காத புள்ளையள் போற எடம்." எத்தனை உம்மாமாரின் வாயால் இதைக் கேட்டுவிட்டோம். அதே உம்மா ஒருநாள் பெருமையோடு சொன்னார், அவருடைய சாச்சியின் மகன் அமெரிக்காவில் கம்யூனிட்டி கொலேஜ் போகிறானாம். மாஷா அல்லாஹ். கம்யூனிட்டி கொலேஜ் என்றால் என்ன, தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த செலவில், இரண்டு வருடம் தொழிலோ அடிப்படைப் பாடமோ படித்துவிட்டு, விரும்பினால் அப்படியே பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வது. 1901இல் இல்லினோய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்கா முழுக்க இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிப்பவர், பிள்ளை பெற்ற பிறகு படிக்க வருகிற தாய், பாடசாலையில் சறுக்கியவர் எல்லோரும் அங்கே போகிறார்கள். அதைத்தான் நாம் இங்கே டெக் என்று சொல்லி மூக்கைச் சுளிக்கிறோம். ப்ளேனில் போய்ப் படித்தால் கொலேஜ், பஞ்சிகாவத்தை வழியாக நடந்து போய்ப் படித்தால் கேவலம்!

நடந்து போய்த்தான் பாருங்களேன். புதுக்கடைச் சந்தியிலிருந்து மருதானைத் தொழினுட்பக் கல்லூரிக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை. அது இன்று நேற்று வந்ததல்ல. 1893இல் அரசாங்கத் தொழினுட்பப் பாடசாலையாகத் தொடங்கியது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைத் தோண்டினாலும் வேர் இந்த மருதானையில்தான் போய் நிற்கும். நம் பிள்ளை மொரட்டுவைக்கு எடுபட்டால் ஊரைக் கூட்டி விருந்து வைப்போம், அதன் தாய்வீட்டுக்கு நடந்து போக மாட்டோம்.

இன்னொன்று. அதற்கு ஒரு வருடம் முந்தி, 1892இல், அதே மருதானையில் சாஹிரா தொடங்கியது. சித்திலெப்பையின் பெயரை மேடைக்கு மேடை சொல்கிறோம், சரிதான், சொல்ல வேண்டும். ஆனால் அவரோடு நின்ற வாப்பிச்சி மரிக்கார் யார்? அவர் ஒரு கட்டடக்காரர். கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் அவர்தான், 1877இல் திறந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் தெரிந்த மனிதர், அந்தத் தொழிலில் சம்பாதித்ததைக் கொண்டு சமூகத்துக்குப் பாடசாலை எழுப்ப முன்னின்றார். இன்று அவருடைய பேரன் வயதுப் பையன் "நான் மேசன் வேலை, கட்டட வேலை முறையாகப் படிக்கப் போறேன்" என்று வந்து நின்றால், பெண் கொடுக்க மாட்டோம். டை கட்டி, கோல்ட் லீஃப் பிடித்துக்கொண்டு, ஒரு கம்பனியில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் "எக்ஸிகியூட்டிவ்" என்று அட்டை அடித்தவனுக்குக் கொடுப்போம்.

சரி, டெக் வேண்டாம் என்று சொல்கிற வீடு அதற்குப் பதிலாக என்ன செய்கிறது? காலி வீதியில் ஏதோ ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. கண்ணாடிக் கதவு, ஏசி, முன்னால் ஒரு தங்கச்சி கோட் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் பேசுவா. ஆறு மாத டிப்ளோமா. முடிவில் கறுப்பு அங்கியும் தொப்பியும், ஹோட்டலில் பட்டமளிப்பு விழா, அதற்கும் தனிக் காசு. எங்களுக்குத் தெரிந்த ஒரு வாப்பா மகளின் காப்பை அடகு வைத்து மகனை அப்படி ஓரிடத்தில் சேர்த்தார். பையன் கட்டார் வேலைக்கு விண்ணப்பித்தபோது கேட்டார்கள், "என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம்?" அவனிடம் இருந்தது மினுங்குகிற ஒரு காகிதம். காப்பு இன்னும் அடகுக் கடையில்தான்.

எல்லாத் தனியார் நிறுவனமும் அப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. நல்லவையும் இருக்கின்றன. ஆனால் காசு கட்டும் முன் ஒரு கேள்வியாவது கேளுங்கள். இலங்கையில் தொழிற்பயிற்சி கொடுக்கிற எந்த நிறுவனமும் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். பதிவு செய்த நிறுவனங்களின் பட்டியல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இருக்கிறது, போனில் பார்க்கலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு, கவனமாக வாசியுங்கள். நிறுவனம் பதிவானது வேறு, அங்கே நீங்கள் சேரப்போகிற அந்தக் கோர்ஸ் தர அங்கீகாரம் பெற்றது வேறு. "நாங்க ரெஜிஸ்டர் பண்ணினது" என்று சட்டம் போட்ட சான்றிதழைச் சுவரில் காட்டுவார்கள். "இந்தக் கோர்ஸ் முடித்தால் என்.வி.கியூ. கிடைக்குமா, எத்தனையாம் மட்டம்?" என்று கேளுங்கள். பதில் வளைந்தால் எழும்பி வாருங்கள்.

என்.வி.கியூ. என்பது ஏழு படி உள்ள ஏணி. தேசிய தொழிற்தகைமை என்று தமிழில் எழுதுவார்கள். ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ், நான்காம் மட்டத்தில் முழுத் தொழிலாளி. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டம். அந்தப் பட்டத்துக்காகவே 2008இல் சட்டம் போட்டு இரத்மலானையில் தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் ஒன்றை உருவாக்கினார்கள். அதாவது ஓஎல்லில் கணிதம் தவறிய பையன், வயரிங் படிக்கப் போய், ஒவ்வொரு படியாக ஏறி, ஒருநாள் பட்டதாரியாக வரலாம். உயர்தரம் எழுதாமலே. இந்த ஏணியைப் பற்றி எந்தக் குத்பாவிலாவது, எந்தப் பரிசளிப்பு விழாவிலாவது கேட்டிருக்கிறீர்களா?

நம் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களை விட முக்கியம், ஏன் தெரியுமா? பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் தீவளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நாம் கொழும்பு மாவட்டம். வெட்டுப்புள்ளியில் நம் பிள்ளை போட்டி போடுவது கறுவாத்தோட்டத்துப் பிள்ளையோடு. மெசெஞ்சர் வீதியில் பத்துக்குப் பத்து அறையில், தம்பி தங்கச்சிமார் தூங்கிய பிறகு, கோர்ட்ஸ் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளின் கொத்துச் சத்தத்துக்கிடையில் படிக்கிற பிள்ளைக்கும், கொழும்பு 7இல் ஒரு பாடத்துக்கு இரண்டு டியூசன் போகிற பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. மாவட்டம் முன்னேறிய மாவட்டம்தான், நாம் இருக்கிற ஒழுங்கைக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. இந்த நிலையில் பல்கலைக்கழகம் என்ற ஒரே வாசலை மட்டும் பிள்ளைக்குக் காட்டுவது அநியாயம். அந்த அநியாயத்தை நாங்கள், ஆசிரியர்கள், ஒவ்வொரு நாளும் வகுப்பில் செய்தோம். "படிக்காட்டி கராஜுக்குத்தான் போகோணும்" என்று மிரட்டியிருக்கிறோம். கராஜுக்குப் போகிற பிள்ளை அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தது.

பெண்பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். சேர்த்தாலும் தையல், கேக் ஐசிங், மொண்டிசோரி. இவற்றில் தவறில்லை, இவற்றால் வீடு நடத்துகிற பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு மாணவி படவரைஞர் கோர்ஸ் செய்ய ஆசைப்பட்டாள். வரைதலில் அப்படி ஒரு கை. வீட்டில் சொன்ன காரணம், "மருதானை, பொடியன்மார் போற எடம்." அதே பிள்ளை ஓஎல்லுக்கு மூன்று வருடம் இரவு ஏழு மணி வரை டியூட்டரியில் பொடியன்மாரோடுதான் இருந்தாள், அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று கணவன் வெளிநாட்டில், வீட்டு வாடகைக்கு ஆன்லைனில் அபாயா விற்கிறாள். வீட்டிலிருந்தே கணினியில் பிளான் வரைந்து கொடுக்கக் கூடியவள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, கோபிக்க வேண்டாம். ரமழானில் ஸகாத் பணத்தில் எத்தனை குடும்பத்துக்கு உலர் உணவுப் பொதி போகிறது. போகட்டும், பசித்தவருக்குச் சோறு முதலில். ஆனால் ஒரே வீட்டுக்குப் பத்து வருடமாகப் பொதி போகிறதே, அந்த வீட்டுப் பையனுக்கு ஒரு டூல் பெட்டி, பஸ் காசு, பாதுகாப்புச் சப்பாத்து என்று ஒரு வருடம் பிடித்துக் கொடுத்திருந்தால்? தொழினுட்பக் கல்லூரியில் முழுநேரக் கோர்ஸுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் அவன் கடையில் கொண்டு வந்த சம்பளம் நின்றுபோகிறதே, பிள்ளைகள் இடையில் விட்டுவிட்டு வருவது அதனால்தான். அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை பள்ளிவாசலாக இருக்கலாம்.

அரசாங்கத்தையும் விட முடியாது. பத்திரிகை விளம்பரம் மூன்று மொழியில் வரும், வராது என்று இல்லை. ஆனால் பிள்ளை உள்ளே போனால் பல கோர்ஸ்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ. புதுக்கடைப் பிள்ளைக்குச் சிங்களம் பேச்சில் தண்ணீர் பட்ட பாடு, எழுத்தில் தடுமாறும். 'பேசத் தெரியும்தானே' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். பேசத் தெரிந்தவன் எழுத்துப் பரீட்சையில் என்ன செய்வான்? தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் 1987 முதல் எழுதியிருக்கிறது. மருதானையைச் சுற்றி, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, மட்டக்குளி, மாளிகாவத்தை, வாழைத்தோட்டம் என்று எத்தனை தமிழ்மொழிப் பிள்ளைகள், முஸ்லிம் மட்டுமல்ல, தமிழ்ப் பிள்ளைகளும். வெள்ளவத்தைப் பக்கத்திலும் இதே கதைதான் என்று அங்கே படிப்பிக்கிற நண்பர்கள் சொல்கிறார்கள். இந்தப் பகுதிக்குத் தமிழ்மொழி வகுப்பு தாருங்கள் என்று நாம் எல்லோரும் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு எப்போதாவது கேட்டிருக்கிறோமா? இல்லை. தேர்தல் நேரத்தில் கார்பட் ரோட் கேட்போம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், ஏன் கேட்கிறாய் என்று கேட்கவும் முடியாது. எந்தெந்தக் கோர்ஸ் தமிழில் நடக்கிறது, கடந்த வருடங்களில் தமிழ்மொழி விண்ணப்பங்கள் எத்தனை வந்தன, எத்தனை பேர் எடுபட்டார்கள் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பதில் வந்ததும் இதே பக்கத்தில் போடுவோம். ஒருவேளை விண்ணப்பமே போகவில்லை என்று பதில் வந்தால் அதையும் மறைக்காமல் போடுவோம், அப்போது குற்றம் நம் பக்கம்தான் கனக்கும்.

"இப்பவே வேலைக்குப் போயிட்டான், இனி எப்படிப் படிக்கிற?" என்று கேட்பவர்களுக்கு. பஞ்சிகாவத்தைக் கராஜில் ஐந்து வருடம் இன்ஜின் இறக்கி ஏற்றிய பையனுக்குத் தெரியாததைப் புதிதாக யார் சொல்லிக் கொடுப்பது? அவனுக்கு வேண்டியது காகிதம் மட்டும்தான். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று ஒன்று உண்டு. வேலை செய்த அனுபவத்துக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளருக்கு முன்னால் வேலையைச் செய்து காட்டினால், வகுப்பில் உட்காராமலே என்.வி.கியூ. எடுக்கலாம். நைட்டா என்று சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள், ராஜகிரியவில் இருக்கிறது. கராஜ் முதலாளிமாரே, நாநாமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பையன் இத்தனை வருடம் இன்ன வேலை செய்தான் என்று ஒரு கடிதம் கொடுங்கள். "கடிதம் கொடுத்தா கட்டாருக்குப் போயிடுவான்" என்று பயப்படுகிறீர்கள், தெரியும். போகட்டுமே. ஹெல்பராகப் போகாமல் மெக்கானிக்காகப் போகட்டும். கொத்துத் தட்டுகிற தம்பிமாருக்கும் இது பொருந்தும், சமையலும் அந்த ஏணியில் உண்டு.

உயர்தரம் எழுதி மூன்று பாடமும் பாஸாகி, இஸட் புள்ளி பத்தாமல் வீட்டில் இருப்பவர்களுக்கு உயர் தொழினுட்பவியல் கல்வி நிறுவகத்தின் எச்.என்.டி. இருக்கிறது. மட்டக்குளியிலேயே இருக்கிறது, கொட்டாஞ்சேனையால் போகிற பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும். வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் செய்ய நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இருக்கிறது. இவற்றைப் பற்றித் தனியாக எழுதுகிறோம், இந்தப் பதிவு ஏற்கனவே நீண்டுவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது. விளம்பரம் வரும் வரை காத்திருக்காதீர்கள், அதுதான் எங்கள் பையனுக்கு நடந்தது. காகிதங்களை இன்றே எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் பிரதி, அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம சேவகர் சான்றிதழ். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாக்காளர் இடாப்புப் பதிவை முதலில் சரிசெய்யுங்கள், எல்லாவற்றுக்கும் அதில்தான் வந்து முட்டும். கணிதம் போனதென்று ஒதுங்க வேண்டாம், சில கோர்ஸ்களுக்கு ஒன்பதாம் ஆண்டு பாஸ் போதும். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் பிள்ளையை அனுப்புங்கள், வாப்பா கூடப் போய் வெளியில் இருங்கள், பதிலை பிள்ளை சொல்லட்டும்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் நான்கு பேர் பாடசாலை முன் மண்டபத்தில் மேசை போட்டு உட்காருகிறோம். எங்கள் பாடசாலைப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்றில்லை, முஸ்லிம் பிள்ளையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. விண்ணப்பத்தை மூன்று மொழியிலும் நிரப்பித் தருவோம். சிங்களம் நன்றாக எழுதுகிற இளைஞர் இரண்டு பேர் தேவை. போட்டோ கொப்பி மெஷின் இருக்கிறது, தாள் இல்லை. பெனருக்குக் காசு கொடுத்த ஹாஜியார் இதை வாசித்தால் இரண்டு பெட்டி ஏ4 அனுப்பி வைக்கலாம். அந்த லொறி இறக்குகிற பையனிடம் நேற்றுச் சொன்னோம். "சனிக்கிழமை கடை ஆறு மணிக்குத்தான் மூடுற சேர்" என்றான். ஆறரை வரை இருப்போம் என்று சொல்லியிருக்கிறோம்.